பஸ்ஸில் பால் கொடுத்ததற்கு ஒரு விளக்கம்

என் மூத்த மகனுக்கு மூன்று மாதம் முடிந்ததும் நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. வீடு அருப்புக்கோட்டையில். வேலை, திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி போகும் வழியில் ஒரு கிராமத்தில். இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஒன்றியப் பள்ளி. தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

புகுந்த வீடு வியாபாரக் குடும்பம். மாமியார் விடிந்ததிலிருந்து மளிகைக் கடையில் இருப்பார். கணவர் ஒரு நூல் கடையில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் வேலைக்குப் போன முதல் மருமகள் நான்தான். மாமியார் அதைத் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்.

“வேலைக்குப் போறது ஒன் இஷ்டம். பிள்ளையையும் தூக்கிட்டுப் போயிரு. கடையவும் பிள்ளையவும் சேத்துப் பாக்க என்னால முடியாது.”

கோபத்தில் சொன்னதில்லை. உண்மையிலேயே முடியாதுதான். அதனால் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு இடுப்பில் பிள்ளை, தோளில் துணிப்பை, கையில் குடை என்று கிளம்பினேன்.

அந்த பஸ் ஊர் ஊராக நின்று, ஆட்டுக்குட்டி, கோழிக்கூடை, மிளகாய் மூடை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒன்றேமுக்கால் மணி நேரம். எட்டு மணிக்குத் திருச்சுழியில் டீ குடிக்கக் கால் மணி நேரம் நிற்கும். சரியாக அந்த நேரத்தில்தான் பிள்ளைக்குப் பசிக்கும். முதலில் முனகுவான், பிறகு கையைச் சப்புவான், பஸ் நின்றதும் கத்திவிடுவான். ஓடுகிற வண்டியின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த அழுகை, வண்டி நின்றதும் பஸ் முழுவதும் கேட்கும். எல்லாத் தலைகளும் திரும்பும்.

முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றி, பிள்ளையின் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். உள்ளே அவனுக்கு மூச்சு முட்டியது. காலால் உதைத்தான். முந்தானை விலகிவிடுமோ என்று அவன் கால்களைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அடுத்த ஸீட்டில் களையெடுக்கப் போகிற பெண் ஒருத்தி தன் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்கள். நான் டீச்சர். குடை வைத்திருப்பவள். கடைக்கார வீட்டு மருமகள். நான் செய்யும்போது அது வேறு காரியமாகத் தெரிந்தது போலிருக்கிறது.

தலைமையாசிரியர் திருச்சுழிக்காரர். அங்கேதான் அதே பஸ்ஸில் ஏறுவார். முன் ஸீட்டில் உட்கார்ந்தால் இறங்கும் வரை பின்னால் திரும்பமாட்டார். அவர் ஏறுவதற்குள் பிள்ளையைப் பசியாற்றிவிட வேண்டும் என்று நான் தினமும் அவசரப்படுவேன். பெரும்பாலும் முடியாது. ஆனாலும் ஒரு நாள்கூட அவர் முகத்தில் எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட உத்தரத்தில் கயிறு போடச் சொன்னவர் அவர்தான். “பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு வாரீக. சிரமந்தான்” என்பார். அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ஒரு நாள் மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம், தலைமையாசிரியர் என்னை மேஜைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்தது. தட்டச்சு செய்திருந்தது. நான் பேருந்தில் பலர் முன்னிலையில் ஆசிரியைக்குத் தகாத முறையில் நடந்துகொள்வதாகப் புகார் வந்திருக்கிறதாம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டுமாம். பால் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. படிக்கிறவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

“யாரு சார் எழுதிப் போட்டது?”

“மொட்டைக் கடுதாசியாம். பேரு ஊரு இல்ல. நம்ம பஸ்ஸுல வர்ற ஆளாத்தான் இருக்கணும்” என்றார். “பயப்படாதீக டீச்சர். வேலை நிரந்தரமாகாத நேரம். வம்பு வளக்கக் கூடாது. நான் ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதித் தாரேன். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க. அதோட முடிஞ்சு போகும்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அந்த பஸ் எனக்கு வேறு பஸ்ஸாகிவிட்டது. யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எப்போதும் சிரித்துப் பேசும் கண்டக்டரா? தினமும் படிக்குப் பக்கத்தில் நின்று வரும் பருத்தி வியாபாரியா? தலையில் துண்டு போட்ட அந்தப் பெரியவர் ஏன் என் பையையே பார்க்கிறார்? நான் பார்த்தால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டால் அவர்கள்தான் என்று தோன்றியது. திருப்பாவிட்டாலும் அவர்கள்தான் என்று தோன்றியது.

வீட்டில் கணவரிடம் தாளைக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: “சார் எழுதிக் குடுத்ததுல கையெழுத்துப் போட்டுரு. நம்ம பேரு வெளிய வரக் கூடாது. அம்மா காதுக்குப் போச்சுன்னா வேலையே வேணாம்னு சொல்லிருவாக.”

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். ‘ஆசிரியப் பணிக்கு இழுக்கு தேடித் தந்தமைக்கு வருந்துகிறேன். இனிமேல் கைக்குழந்தையுடன் பேருந்தில் பயணம் செய்யமாட்டேன்’ என்று முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியில் என் கை நின்றுவிட்டது. பிள்ளையில்லாமல் நான் எப்படிப் போவது? இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் அது இன்னொரு குற்றமாகிவிடாதா? இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று தாளைத் திரும்ப மடித்து வைத்தேன். ஆனால் பஸ்ஸில் பால் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

கடைவீதியில் ஒரு கண்ணாடிப் புட்டி வாங்கினேன். படகு மாதிரி வளைந்து இரண்டு முனையிலும் ரப்பர் மாட்டியது. விடியற்காலையில் பசும்பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி அதில் ஊற்றிக்கொள்வேன். எட்டு மணிக்குள் வெயிலில் பால் ஒரு மாதிரி வாடை அடிக்கும். பிள்ளை முதலில் துப்பினான். பசி பொறுக்காமல் பிறகு குடித்தான். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பீய்ச்சி மண்ணில் விட்டேன். அந்தச் செம்மண் உடனே உறிஞ்சிக்கொள்ளும்.

நாலாம் நாள் அவனுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. காலையில் இரண்டு தடவைதான், சரியாகிவிடும் என்று தூக்கிக்கொண்டு போனேன். லீவு போட்டால் விளக்கம் கேட்ட நேரத்தில் ஓடி ஒளிகிறாள் என்பார்களோ என்று பயம். மதியத்துக்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டான். பிறகு அழுவதையே நிறுத்திவிட்டான். தொட்டிலில் கண்ணை அரைவாசி திறந்துகொண்டு கிடந்தான். ஆட்டிவிட்ட பிள்ளைகள், “டீச்சர், தம்பி சிரிக்கவே மாட்டேங்கிறான்” என்று வந்து சொன்னார்கள்.

சாயங்காலம் வீரசோழனிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினேன். தலைமையாசிரியரும் ஏறி முன் ஸீட்டில் உட்கார்ந்தார். கூட்டம். வீரசோழன் பாயம்மா ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருகிறவர், முகம் தெரியும், பேசியதில்லை. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியிருந்தார். கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தார்.

“எத்தன மாசம்?”

“அஞ்சும்மா.”

“கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. மதியத்திலிருந்து மாற்றவே இல்லை.

“காலையில…” என்றேன்.

பாயம்மா அவன் உதட்டில் விரலை வைத்துப் பார்த்தார். “நாக்கு வறண்டு கெடக்கு. ஒனக்குப் பால் இல்லியா?”

“இருக்கும்மா.”

“பெறகென்ன?”

நான் முன் ஸீட்டைப் பார்த்தேன். படியில் நின்றவர்களைப் பார்த்தேன். “எல்லாரும் பாப்பாகம்மா” என்றேன்.

“பாத்தாப் பாக்கட்டும். ஒம் புள்ளைக்குக் கண்ணு உள்ள போயிருச்சே, அத நீ பாத்தியா?”

நான் பார்த்தேன். இமைக்குக் கீழே குழி விழுந்திருந்தது. உச்சந்தலையில் துடிக்கும் இடம் பள்ளமாக அமுங்கியிருந்தது. என் கையில் கிடப்பது என் பிள்ளைதானா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது. அந்த நொடியில் வந்த பயத்தைப் போல நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. பாயம்மா துப்பட்டியின் ஒரு பாதியை உருவி என் தோளைச் சுற்றிப் போட்டார். நான் பிள்ளையை மாரோடு சேர்த்தேன். அவன் வாய் வைத்தான், நழுவிவிட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி நழுவிற்று. உறிஞ்சுகிற பலம் அவனுக்கு இல்லை.

“குடிக்க மாட்டேங்கிறாம்மா” என்றேன்.

“பிழிஞ்சு விடு. உதட்டுல விழட்டும்.”

சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் கன்னத்தில் வழிந்தது. பிறகு நாக்கு நுனி வெளியே வந்து ஒரு சொட்டை நக்கியது. அதற்குள் திருச்சுழி வந்துவிட்டது. தலைமையாசிரியர் எழுந்து, இறங்கும் வழியில் எங்கள் பக்கத்தில் நின்றார். துப்பட்டியைப் பார்த்தார். “பிள்ளைய ஆஸ்பத்திரியில காட்டுங்க டீச்சர்” என்றார். “அந்தத் தாளையும் சீக்கிரம் குடுத்துருங்க.” இறங்கிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு பிள்ளை மெதுவாகப் பற்றினான். இரண்டு மடக்கு, பிறகு ஓய்வு, பிறகு ஒரு மடக்கு. ஓய்ந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தேன். பாயம்மா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர், நிலைமையைப் பார்த்துவிட்டு டிரைவரிடம் போய்ச் சொன்னார். பஸ் அருப்புக்கோட்டைக்குள் நுழைந்ததும் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நாலு நாளாக நான் சந்தேகப்பட்ட அந்தக் கண்டக்டர் என் பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பிள்ளையின் கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். லேடி டாக்டர் என் பையில் இருந்த புட்டியை எடுத்து மோந்து பார்த்தார்.

“ஒங்களுக்குப் பால் வத்திருச்சா?”

“இல்லைங்க.”

“அப்ப இது எதுக்கு?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, புட்டியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அதற்குப் பிறகு கணவர் மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஏழாவது நாள் காலையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நானே விளக்கம் எழுதினேன். பிள்ளைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால்தான் உணவு, பயணம் ஒன்றேமுக்கால் மணி நேரம், பசித்து அழும்போது பேருந்தில் பால் கொடுத்தது உண்மை. அவ்வளவுதான். பிறகு ‘இனியும் கொடுக்க வேண்டியிருக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். அடித்தேன். வேறு தாளில் முதலிலிருந்து எழுதி அந்த வரியையும் எழுதினேன். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதாமல் விட்டால் மறுபடி புட்டி வாங்க வேண்டி வருமோ என்ற பயம், வேலை போய்விடும் என்ற பயத்தைவிட அன்று கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கணவர் கடையில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். ஒன்றிய அலுவலக வாசல் வரைதான். “நீ போயிட்டு வா. நான் இங்கன நிக்கேன்” என்று புளியமரத்தடியில் நின்றுகொண்டார். பிள்ளையோடு நான் மட்டும் உள்ளே போனேன்.

எழுத்தர் என் தாளை வாங்கிக்கொண்டு, கட்டி வைத்திருந்த கோப்புகளில் ஒன்றைத் தேடி எடுத்து மேஜையில் பிரித்தார். மேலே அந்தக் கடுதாசி குத்தியிருந்தது. எதிரில் நின்று பிள்ளைகளின் சிலேட்டைத் தலைகீழாகப் படித்துப் பழகியவள் நான். படித்தேன். எழுத்தை வேண்டுமென்றே இடது பக்கம் சாய்த்து எழுதியிருந்தார்கள். ஆனால் மெய்யெழுத்துக்கு மேல் புள்ளிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வட்டம். நடுவில் ஒரு வரி: ‘ஆசிரியப் பணிக்கு இழுக்கு தேடித் தருகிறார்.’ என் பையில் மடித்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்திலும் அதே வார்த்தைகள் இருந்தன. மேலே அதே வட்டங்கள். தினமும் கரும்பலகையில் நான் பார்க்கிற வட்டங்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் கூடியது. அதுவரை யாரோ ஒரு பஸ் பயணி என்று நினைத்துப் பயந்தேன். இப்போது அந்த மனிதர் பக்கத்து மேஜைக்கு வந்துவிட்டார். அவர்தான் என் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வைப்பவர். என்னைப் பற்றி மேலே எழுதுபவர். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவன் அழுகைக்கு நான் ஒரு நிமிடம்கூடக் காத்திருப்பதில்லை. புகார்க் கடுதாசி மூன்றடி தூரத்தில் கிடக்க, அங்கேயே முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தேன். எழுத்தர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுதினார்.

பிறகு அதிகாரி கூப்பிட்டார். வயதானவர். என் தாளைக் கையில் வைத்திருந்தார்.

“உண்மைதான்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாங்கய்யா.”

“இனியும் குடுப்பேன்னு எழுதியிருக்கீங்க.”

நான் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினேன். அவர் பிள்ளையின் கையைப் பார்த்தார். ஊசி குத்திய இடம் நீலம் பாய்ந்திருந்தது.

“கையில என்ன?”

“வயித்தோட்டங்கய்யா. புட்டிப்பால் ஒத்துக்கலை. மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தோம்.”

“எப்பத்திலருந்து புட்டிப்பால்?”

“மெமோ வந்த மறுநாளிலருந்துங்கய்யா.”

அவர் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு அதைக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார். “சரி, போங்க. உத்தரவு வரும்” என்றார்.

மரத்தடியில் கணவர், “என்ன சொன்னாக?” என்றார். “உத்தரவு வருமாம்” என்றேன். அவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தலைமையாசிரியரைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒன்று வேலையை விடச் சொல்வார், இல்லையென்றால் போய்ச் சண்டை போடுவார். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கேட்டார்: “குடுத்துட்டீகளா டீச்சர்?”

“குடுத்துட்டேன் சார்.”

“நான் எழுதுனதுதான?”

“இல்ல சார். நானே எழுதிட்டேன்.”

கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார். “நல்லது” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உத்தரவு வரவே இல்லை. வராததுதான் பெரிய வாதையாக இருந்தது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் பலகையில் எழுதுகிற கை நின்றுவிடும். பஸ்ஸில் தினமும் பால் கொடுத்தேன், பயந்துகொண்டேதான் கொடுத்தேன். பாயம்மா வருகிற நாட்களில் அவர் பக்கத்தில் உட்காருவேன். மற்ற நாட்களில் களைக்குப் போகும் பெண்களுக்கு நடுவில். அவர்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விடுவார்கள். பிள்ளை பதினான்கு மாதம் வரை குடித்துவிட்டு அவனாகவே நிறுத்தினான்.

அடுத்த வருடம் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. அந்தப் பழைய விஷயம் ஏதாவது ஒரு மூலையில் எழுதியிருக்கிறதா என்று மூன்று தடவை படித்தேன். இல்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் தலைமையாசிரியருக்குத் தினமும் வணக்கம் சொன்னேன். அவருடைய தம்பி மகள் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுக் காத்திருந்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன். அதுதான் காரணமா, உண்மையிலேயே அவருக்கு அது தவறாகப் பட்டதா, எனக்குத் தெரியாது. அவர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டோம். என்னைப் பேசச் சொன்னார்கள். “சார் எங்கிட்ட ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசினதில்லை” என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மகள் பிறந்தாள். அவளையும் அதே வழியில் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் எழுதிப் போடவில்லை. ஆனாலும் அவள் பஸ்ஸில் அழுதால் என் கை முந்தானைக்குப் போகும், கண் ஒவ்வொரு முகமாகப் போய்வரும். அப்படிப் பார்த்து முடிப்பதற்குள் அவள் குடிக்க ஆரம்பித்திருப்பாள்.